மறதி வந்தவரை மறைத்து வைக்க வேண்டாம்
(ஆலயத்தில் நடைபெற்ற முதியோர் சிறப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

வெள்ளிக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்த ஓர் அம்மையாரைச் சில மாதங்களாகக் காணவில்லை. மகனிடம் விசாரித்தேன். “அம்மா கேட்டதையே கேட்கிறார், சார். நாலு பேர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அதனால் அழைத்து வருவதில்லை” என்றார். இப்படிச் சொல்பவர் அவர் ஒருவர் மட்டுமல்லர்.

முதுமை மறதி நோயை வயதானால் வருகிற மறதிதானே என்று விட்டுவிடுவோர் உண்டு. ‘புத்தி பேதலித்துவிட்டது’, ‘முன்வினை’ என்று காதோடு காதாகப் பேசுவோரும் உண்டு. இரண்டும் தவறு. இது மூளையைப் படிப்படியாகச் சிதைக்கும் நோய். இதன் முக்கிய வகையை ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்ஸைமர் 1906ஆம் ஆண்டிலேயே விளக்கினார். சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வில், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 8.8 விழுக்காடு. விகிதம் சற்றே குறைந்தாலும் முதியோர் தொகை பெருகி வருகிறதே!

‘லான்செட்’ மருத்துவ ஏட்டின் நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், மாற்றக்கூடிய 14 காரணங்களுள் தனித்துப்போதலும் ஒன்று. தனிமை நோயைக் கொண்டுவரக்கூடும். நோய் வந்தவரையோ நாமே தனிமையில் தள்ளிவிடுகிறோம்.

தமிழாசிரியனாக இருந்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்நோயில் பலருக்குப் பின்னாளில் கற்ற மொழி முன்னதாக நழுவுகிறது. சிறு வயதில் பேசிய மொழி நிற்கிறது. பாட்டிக்கு ஆங்கிலமும் மலாயும் போய்த் தமிழ் மட்டும் மிஞ்சுகிறது. பேரனுக்கோ தமிழ் ஒரு தேர்வுப் பாடம். ஒரே வீவக வீட்டில் இருவரும் பேசமுடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘தமிழ் படித்து என்ன பயன்?’ என்று என்னிடம் கேட்ட பெற்றோர்க்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

2018இல் திறப்பு விழா கண்ட கம்போங் அட்மிரல்டியில் பாலர் பராமரிப்பு நிலையத்தையும் முதியோர் நிலையத்தையும் அருகருகே அமைத்திருக்கிறார்கள். நமக்குப் புதுக் கட்டடம் வேண்டாம். மடப்பள்ளியை ஒட்டிய தாழ்வாரம் போதும். சனிக்கிழமை தேவார வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் அங்கே பெரியவர்களுடன் அமர்ந்து பூத்தொடுக்கட்டும். பேர் மறந்தாலும் கை பழகிய வேலை நெடுநாள் நிற்கும். பிள்ளைகளுக்கு நாரில் முடிச்சுப் போடத் தெரியாது, பாட்டிமார் கற்றுக்கொடுப்பார்கள்.

மாணவமணிகளே, ‘என்னைத் தெரிகிறதா?’ என்று கேட்டுப் பெரியவர்களுக்குப் பரீட்சை வைக்காதீர்கள். உங்கள் பெயரையும் அப்பா பெயரையும் நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள். சொன்ன கதையையே மறுபடி சொன்னால், ‘அப்போது உங்களுக்கு என்ன வயது, பாட்டி?’ என்று கேளுங்கள்.

அழைத்துவர வாகனமும், யாரும் வழிதவறிப் போகாமல் பார்த்துக்கொள்ள வாசலில் இரண்டு தொண்டூழியர்களும் தேவை. வாகனச் செலவை ஏற்க விரும்பும் அன்பர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். சரம் மாலைப் பூசைக்கு வேண்டும். நான்கு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள்.