புதன்கிழமை இரவுணவு

உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடலோரம் சீடர்களுக்கு மீன் சுட்டு வைத்ததை வாசிக்கும்போதெல்லாம், ஆஸ்திரியாவில் ஒரு சமையலறை என் நினைவுக்கு வரும். மனைவியை இழந்து 3 வாரமே ஆன முதியவர் ஒருவர், புதன்கிழமை இரவு என்னைச் சாப்பிட அழைத்தார். அடுப்புப் பக்கமே போகாதவர். நோய்ப்படுக்கையில் அந்த அம்மா எழுதிக்கொடுத்த தாள் சுவரில் ஒட்டியிருந்தது. பன்றி இறைச்சியை அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி உப்பிட வேண்டும். பிறகு மாவு, அடித்த முட்டை, ரொட்டித்தூள். தூளில் தோட்டத்துப் பார்ஸ்லியைப் பொடியாக நறுக்கிச் சேர்க்க வேண்டும். தூளை அழுத்தக் கூடாது, மேலோடு உப்பாது. தாராளமான எண்ணெயில் பக்கத்துக்கு 3 நிமிடம். (கன்றிறைச்சியில் செய்தால்தான் அங்கே அது ‘வீனர் ஷ்னிட்சல்’.)

“40 வருடம் சாப்பிட்டேன், ஃபாதர். எப்படிச் செய்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை” என்றார். நாம் கேட்டிருக்கிறோமா?

முதல் துண்டு கருகிவிட்டது. அதைத் தம் தட்டில் வைத்துக்கொண்டு, பொன்னிறமாக வந்ததை எனக்கு வைத்தார்.