“புகார் ஹை”

(பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாள் கூட்டத்தில் பேசியது)



போன வாரம் லிஃப்டில் நம்ம பிள்ளைகள் நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கி என்னிடம் ஏதோ பேசினார்கள். “தாத்தா, இது கிளிக்கி” என்றார்கள். 2015-இல் வந்த பாகுபலி படத்தில் காலகேயர்கள் பேசுவதற்காக மதன் கார்க்கி உண்டாக்கிய மொழி. சுமார் 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். ‘மின்’ என்றால் நான். திருப்பிப் போட்டால் ‘நிம்’, அதாவது நீ. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அமெரிக்காவில் ஸ்டார் ட்ரெக் படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் என்பவர் கிளிங்கான் என்று ஒரு மொழி செய்தார். அதில் ‘வணக்கம்’ கிடையாது. ஆளைப் பார்த்ததும் “உனக்கு என்ன வேண்டும்?” என்றுதான் கேட்பார்களாம். பேங்க் கவுண்டரில் நாங்களும் ஏறக்குறைய அதே மொழிதான்!

நான் மார்க்கையன்கோட்டைக்காரன். குமுளி ஏறினால் மலையாளம். ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் வந்து, “மேனேஜரோடு சம்சாரிக்கணம்” என்றார். நம்ம பக்கம் சம்சாரி என்றால் விவசாயி. பயிர்க்கடனுக்கு வந்திருக்கிறார் என்று அந்த சீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவர் கேட்டது மேனேஜரோடு பேசணும் என்று. அது சிரிப்போடு போயிற்று.

போன மாதம் நடந்தது அப்படியில்லை. நம் இரவு வாட்ச்மேன் பீகார்காரர். ராத்திரி பத்து மணிக்கு என்னிடம் வந்து, “புகார் ஹை சார்” என்றார். புகாரா, கேட் பக்கத்தில் புகார்ப் புத்தகம் இருக்கிறதே, எழுதி வை என்று கையைக் காட்டிவிட்டு மேலே போய்ப் படுத்துவிட்டேன். இந்தியில் புகார் என்றால் காய்ச்சல். மறுநாளும் போர்வையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில்தான் இருந்தார். குளிருக்கு என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பெயின்ட் அடிக்க வந்த பையன் சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இரண்டு நாள் படுக்கையில் இருந்தார். முப்பத்தைந்து வருஷம் கணக்கில் ஒரு பைசா தவறக்கூடாது என்று இருந்தவன் நான்.

அதனால் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டேன். கிளிக்கியோடு “தபியத் கைஸி ஹை?” என்பதையும் சேர்த்துப் படியுங்கள், உடம்பு எப்படி இருக்கு என்று அர்த்தம். லிஃப்ட் பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பெரியவர்களும் பார்த்துக்கொள்ளவும்.

நேற்றுக் காலை ஆறு மணிக்கு அதைப் பார்த்துப் பார்த்து அவரிடம் கேட்டேன். “டீக் ஹை” என்றார். என் உச்சரிப்புக்குச் சிரித்தார் என்று நினைக்கிறேன். பிறகு தமிழில் கேட்டார், “சாப்டீங்களா சார்?”

காபிகூடக் குடிக்கவில்லை. “ஆச்சுப்பா” என்றேன்.