வலி கூடினால் காத்திருக்காதீர்கள்

பித்தப்பைக் கல்லுக்கு வயிற்றை நீளமாகக் கிழித்த காலம் ஒன்று இருந்தது. 1985இல் ஜெர்மனியில் எரிக் மியூஹே சிறு துளை வழியே பித்தப்பையை எடுத்துக் காட்டினார். 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் உத்வாடியா அதையே செய்தார். அடுத்து நம் கோவையில் டாக்டர் சி. பழனிவேலு அதை வளர்த்தெடுத்தார். இப்போது சூலூரிலிருந்து கோவைக்கு இந்த அறுவைக்குப் போகிறவர் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்.

அங்கேதான் என் கவலை. கல்லீரல் தினமும் அரை லிட்டருக்கு மேல் பித்தநீர் சுரக்கிறது. பித்தப்பையை எடுத்த இடத்தில் குழாயில் போட்ட கிளிப் நழுவினாலோ, கல்லீரல் ஓரத்து நுண்குழாய் திறந்திருந்தாலோ, அந்த நீர் வயிற்றுக்குள் கசியும். அபூர்வம்தான். ஆனால் பலருக்கும் வீட்டுக்கு வந்த பிறகே தெரியும். குறைய வேண்டிய வலி கூடும், வயிறு உப்பும், காய்ச்சல், வாந்தி, சிலருக்குக் கண்ணில் மஞ்சள். வாயுப் பிடிப்பு என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துக்கொண்டு இருந்துவிடாதீங்க. அன்றே அறுவை செய்த மருத்துவரிடம் போங்க.

பெரும்பாலும் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. ஸ்கேன் பார்த்து, தேங்கிய நீரைச் சிறு குழாய் வைத்து வடிப்பார்கள். பிறகு ஈ.ஆர்.சி.பி.: வாய்வழியே எண்டோஸ்கோப் இறக்கி, பித்தக்குழாயில் ஸ்டென்ட் என்னும் குழல் வைப்பார்கள். வாய்க்கால் கரை உடைந்தால் கீழ் மதகைத் திறந்துவிடுவோமே, அதே கணக்கு. நீர் குடலுக்குள் தடையின்றி இறங்கினால் ஓட்டை தானே மூடும்.

பெரிய பித்தக்குழாயே வெட்டுப்பட்டிருந்தால், கல்லீரல் அறுவையில் கைதேர்ந்தவர்தான் சரிசெய்ய வேண்டும். ஸ்டென்ட்டைச் சில வாரங்களில் எடுத்தாக வேண்டும். மறந்தால் அடைத்துக்கொண்டு கிருமித் தொற்று வரும். தேதியை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கோங்க.