தீபாவளிக்குச் செல்லாத பேக்

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பெட்டிக்கடையில் எஸ்எம்எஸ் பேக் போட்டு வைப்போம். தீபாவளி, புத்தாண்டு அன்றைக்கு மட்டும் அது செல்லாது; ஒவ்வொரு வாழ்த்துக்கும் தனிக்காசு! அதனால் முந்தின நாளே வாழ்த்தி முடித்துவிடுவோம். ஆங்கில எழுத்தென்றால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம். தமிழில் தட்டினால் 70தான். அதிலும் 'கொ' என்று அடித்தாலே இரண்டு இடம் போய்விடும். அப்புறம் 'வணக்கம்' என்பதைக்கூட ஆங்கில எழுத்தில் அடிக்காமல் என்ன செய்வது?

2009இல் வந்த வாட்ஸ்அப்புக்கு மெல்ல மெல்ல எல்லோரும் மாறிவிட்டோம். இப்போது பல ரீசார்ஜ்களோடு தினம் 100 எஸ்எம்எஸ் சேர்ந்தே வருகிறது, தொடத்தான் ஆளில்லை. ஆனால் வங்கி ஓடிபி இன்னமும் எஸ்எம்எஸ்ஸில்தான் வருகிறது. டேட்டா தீர்ந்த போனிலும், அப்பத்தாவின் பட்டன் போனிலும் 'டிங்' என்று வந்து விழுகிறதே!