வனக் கொள்கை கிராம சபைக்கு வரட்டும்

 

நெல்லை வண்ணார்பேட்டையில் நின்றுகொண்டு காட்டைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். பக்கத்தில்தான் சுலோச்சன முதலியார் பாலம் இருக்கிறது. 1843இல் திறந்த பாலம். அதன் அடியில் ஓடும் தாமிரபரணித் தண்ணீரைப் பொதிகை மலைச் சோலைக்காடுதான் பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நமக்கு விடுகிறது. பாபநாசத்துக்குக் கீழே ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டுப் பாசனமும் அந்தக் காட்டை நம்பித்தான் இருக்கிறது. காடு போனால் நமக்குக் கார் சாகுபடி ஏது, பிசான சாகுபடி ஏது?

1988ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். அந்த மலையிலுள்ள களக்காடு, முண்டந்துறை சரணாலயங்களை ஒன்றாக்கிப் புலிகள் காப்பகம் என்று அறிவித்தது அந்த ஆண்டில்தான். தேசிய வனக் கொள்கை வந்ததும் அதே ஆண்டில்தான். காட்டோரத்து மக்களின் விறகுக்கும் தீவனத்துக்கும் முதலிடம் கொடு, அவர்களைச் சேர்த்துக்கொண்டு காட்டைக் காப்பாற்று என்றது அந்தக் கொள்கை. சொன்னது தில்லி. இங்கே, சும்மாடு கட்டி விறகுக்கட்டோடு மலையிறங்கிய பெண்ணுக்குக் காக்கிச்சட்டையைக் கண்டாலே உதறல்!

1990களின் நடுவில் உலக வங்கி உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. காப்பகத்தின் கிழக்கு அடிவாரக் கிராமங்களில் கிராம வனக் குழுக்கள் அமைந்தன. எத்தனை வீட்டு அடுப்பு காட்டு விறகில் எரிகிறது, அந்த விறகை விற்றுப் பிழைப்பவர்கள் யார் என்று ஊரே உட்கார்ந்து கணக்குப் பார்த்தது. குழுவின் சுழல்நிதியிலிருந்து கறவை மாட்டுக்கும் சிறு கடைக்கும் கடன் கொடுத்தார்கள். கடன் வாங்கியவர் வட்டியோடு திருப்பிக் கட்டினால், அந்தப் பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது உலக வங்கியின் பணமல்ல. அந்தப் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று ஊர்க்காரர்கள் கூடி முடிவு செய்தார்களே, அதுதான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடன் கொடுக்கும் குழுவில் ஊர் மக்களுக்கு நாற்காலி போட்டார்கள். கொள்கை எழுதும் இடத்தில் போடவில்லை. 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு அதிகாரம் தந்த பிறகும் அதே கதைதான். மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி காணிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பொதிகை மலையில் வாழ்கிறவர்கள். எந்தத் தேன் எப்போது எடுக்கலாம், யானை எந்த வழியில் இறங்கும் என்று அவர்களைக் கேட்காமல் எழுதுகிற கொள்கை எப்படிக் கொள்கையாகும்? 2018இல் புதிய வனக் கொள்கைக்கு வரைவு வெளியிட்டார்கள். கருத்துச் சொல்ல ஒரு மாதம் அவகாசம்! இஞ்சிக்குழிக்குச் சேதி போய்ச் சேரவே அது போதாதே ஐயா!

உலகம் நம்மோடு கைகோக்க வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது யுனெஸ்கோ. 2016இல் நம் பொதிகை அடங்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தையும் தன் உலகப் பட்டியலில் சேர்த்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கை ஊர் மந்தையில் வாசிக்க வேண்டும். திட்டம் முடிந்த பிறகும் நிதி ஊர்க் கையிலேயே இருக்க வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. மேலே காட்டைக் காப்பவருக்குக் கீழே தண்ணீர் குடிக்கிற நாம் என்ன கொடுத்தோம்? மாநகராட்சிக் குடிநீர்க் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு அந்த வனக் குழுக்களுக்குப் போகட்டும் என்கிறேன்.

ஆகவே இந்த அவை இன்றைக்கே இரண்டு தீர்மானம் போட வேண்டும். அடுத்த வனக் கொள்கை வரைவைத் தமிழில் அச்சிட்டு, மார்ச் 22 தண்ணீர் நாள் கிராம சபையில் வரிவரியாக வாசித்துக் கருத்துக் கேட்க வேண்டும்; இது ஒன்று. குடிநீர்க் கட்டணத்தில் வனக் குழுக்களுக்குப் பங்கு, இது இரண்டு. ஒப்புக்கொள்பவர்கள் கையை உயர்த்துங்கள். உயர்த்திய கையோடு நாளைக் காலை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கப் போவோம், வாருங்கள்!