அதிகாரம் கிராமத்தை வந்தடையும் வழி



ஒரு கிராமத்தில் குடிதண்ணீர்க் குழாய் பழுதுபட்டுவிட்டதென்று வைத்துக்கொள்க. அதை முதலில் அறிபவரும், அதனால் முதலில் வருந்துபவரும் அவ்வூர்ப் பெண்மக்களே. ஆனால் அதைச் சீர்செய்ய உத்தரவிடும் அதிகாரம் பல மைல்களுக்கு அப்பாலுள்ள ஒரு காரியாலயத்தில் இருக்குமாயின், மனு எழுதவேண்டும். மனு மேலே செல்லவேண்டும். உத்தரவு கீழே இறங்கி வரவேண்டும். அதற்குள் ஒரு கோடை கழிந்துவிடும். ஒரு காரியத்தின் நன்மை தீமைகளை எவர் அநுபவிக்கிறாரோ அவரிடமே அதை நடத்தும் அதிகாரமும் இருத்தல் வேண்டும் என்பதே அதிகாரப் பரவலின் சாரம். ஐக்கிய நாணய சங்கத்தினருக்கு இது புதிய விஷயமன்று. கடன் கேட்பவனுடைய நாணயத்தைப் பட்டணத்து வங்கியைக் காட்டிலும் அடுத்த வீட்டுக்காரன் நன்கறிவான் என்ற நம்பிக்கையின்மேல்தான் 1904-ஆம் வருஷத்துச் சட்டமும், அவ்வருஷமே திரூரில் ஏற்பட்ட சங்கமும் எழுந்தன.

ஊர்க் காரியத்தை ஊரே நடத்துவதென்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுக்கள், அவ்வூர்ச் சபையார் குடவோலை முறையில் வாரியங்களைத் தெரிந்தெடுத்த விதிகளைக் கூறுகின்றன. ஏரிக்கு ஒரு வாரியமும் தோட்டத்திற்கு ஒரு வாரியமும் இருந்தன. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது விட்டவனும், அவன் நெருங்கிய உறவினரும் மறுபடி தெரிந்தெடுக்கப்படலாகாது என்பது ஒரு விதி. எனினும் அது பிராமணர் சபை. நிலமும் வேதக் கல்வியும் உடையவர்களுக்கே வாரியத்தில் இடமிருந்தது. ஏனையோருக்கு இடமில்லை என்பதையும் மறத்தலாகாது.

ஆங்கில ஆட்சியில் ரிப்பன் பிரபு 1882-ஆம் வருஷத்தில் வெளியிட்ட தீர்மானம் ஸ்தல சுயாட்சிக்கு அடிகோலிற்று. 1884-இல் சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டுகளும், தாலுகா போர்டுகளும், யூனியன் பஞ்சாயத்துக்களும் சட்டப்படி ஏற்பட்டன. ஆயினும் ஆரம்பத்தில் ஜில்லா போர்டுக்குக் கலெக்டரே தலைவர். 1919-ஆம் வருஷத்துச் சீர்திருத்தத்தின் பயனாக ஸ்தல சுயாட்சி மாகாண மந்திரிகளின் பொறுப்பில் வந்தது. 1920-இல் கிராமப் பஞ்சாயத்துச் சட்டமும் பிறந்தது. தாலுகா போர்டுகளோ 1934-இல் கலைக்கப்பட்டன. சட்டத்தினால் கொடுத்ததைச் சட்டத்தினாலேயே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டம் வகுக்கப்பட்டபோது, 1948-ஆம் வருஷத்து நகலில் கிராமப் பஞ்சாயத்தைப் பற்றிய பேச்சே இல்லை. கிராமம் அறியாமையும் குறுகிய மனப்பான்மையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடமாயிருக்கிறதென்ற கடுங் கண்டனத்தை டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையிலேயே கூறியிருந்தார். 1948 நவம்பர் 22-ஆந் தேதி, சென்னையைச் சேர்ந்த கே. சந்தானம், பஞ்சாயத்துக்களை அமைத்து அவற்றிற்கு அதிகாரம் அளித்தல் இராஜ்யத்தின் கடமை என்று ஒரு திருத்தம் கொணர்ந்தார். அம்பேத்கரும் அதை ஏற்றுக்கொண்டார். அதுவே 40-ஆவது ஷரத்து. ஆனால் அது வழிகாட்டும் நெறியேயன்றி, நீதிமன்றத்தில் வழக்காடிப் பெறக்கூடிய உரிமையன்று.

அந்நெறி எவ்வளவு பலவீனமானது என்பதைப் பின்வந்த வருஷங்கள் காட்டின. 1958-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றிச் சில காலம் செழித்திருந்தன. ஆயினும் தமிழ்நாட்டில் 1970-க்குப் பின் 1986 வரையில் ஊராட்சித் தேர்தல் நடைபெறவில்லை. அதற்குப் பின்னர் 1996 வரையில் மறுபடியும் நடைபெறவில்லை. தேர்தல் இல்லாத ஊராட்சி, பொதுக்கூட்டம் கூடாத சங்கத்தைப் போன்றது. கணக்குப் புத்தகம் இருக்கும். அதைக் கேட்பார் இரார்.

இக்குறையை நீக்கவே 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ஆந் தேதி அமுலுக்கு வந்தது. ஐந்து வருஷத்திற்கொரு முறை தேர்தல். ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் அவர்கள் ஜனத்தொகைக்கேற்ற இடங்கள். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத இடங்கள். வருமானத்தைப் பங்கிட மாநில நிதிக் கமிஷன் ஆகியவை கட்டாயமாக்கப்பட்டன. விவசாயம், சிறு பாசனம், குடிநீர், சாலை, ஆரம்பக் கல்வி முதலிய 29 விஷயங்கள் பதினோராவது அட்டவணையில் அடுக்கப்பட்டன. 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996-இல் தேர்தலும் நடந்தது.

இவ்விடத்தில் அங்கத்தினர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த 29 விஷயங்களையும் ஊராட்சிக்குக் கொடுத்தே தீரவேண்டுமென்று அரசியல் சட்டம் கூறவில்லை; மாநிலச் சட்டசபை கொடுக்கலாம் என்றே கூறுகிறது. ஆகவே டில்லியிலிருந்து புறப்பட்ட அதிகாரம் மாநிலத் தலைநகரத்தில் தங்கிவிடுதல் கூடும். ஆற்றில் வெள்ளம் இருந்தும், தலைமதகில் பலகை இறக்கப்பட்டிருந்தால் கடைமடை காய்வதை விவசாயிகள் அறிவார்கள்.

அதிகாரம் உண்மையில் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதற்கு மூன்று கேள்விகள் போதும். பணி வந்ததா? பணம் வந்ததா? பணியாள் வந்தாரா? பணியைக் கொடுத்துப் பணத்தைக் கொடாமை, மூலதனமின்றிக் கடை திறக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். பணத்தைக் கொடுத்தும், செலவிடும் வகையை மேலிருந்தே வகுத்துவிட்டால், ஊராட்சி தபாற்காரன் வேலையைத்தான் செய்யும். கேரளத்தில் 1996-ஆம் வருஷம் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 சதவீதம் ஸ்தல ஸ்தாபனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. எதற்குச் செலவிடுவதென்பதில் பெரும்பகுதி ஊர்க்கூட்டங்களின் யோசனைப்படி தீர்மானிக்கப்பட்டது. மேலுள்ளவர்களுக்கு மனமிருந்தால் இயலும் என்பதற்கு அது சான்று. தமிழ்நாட்டிலோ, 2016-இல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரையில் தேர்தல் நடக்கவில்லை. ஏறக்குறைய 12,500 கிராம ஊராட்சிகளைத் தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். கட்டாயமென்று எழுதிய விதியும், கேட்பாரில்லையேல் தளர்ந்துபோகும்.

இனி, மேலிருந்து வரும் தடையைப் போலவே ஊருக்குள்ளிருந்து எழும் தடையும் உண்டு. 1996-ஆம் வருஷத்துத் தேர்தலில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்த மேலவளவு ஊராட்சித் தலைமை ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டது. அதைப் பொறாதவர்கள், தெரிந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனையும் உடனிருந்த சிலரையும் 1997 ஜூன் 30-ஆந் தேதி வெட்டிக் கொன்றார்கள். அதே ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்து வருஷ காலம் தேர்தல் நடக்கவொட்டாமல் தடுக்கப்பட்டு, 2006-இல்தான் தலைவர்கள் முறையாகப் பதவி ஏற்கலாயினர். அம்பேத்கர் அஞ்சியது வீண் அச்சமன்று. ஆயினும் அதற்குப் பரிகாரம் அதிகாரத்தை மறுபடி தலைநகரத்திற்கு எடுத்துச் செல்வதன்று. ஊருக்குள் அது ஒரு தெருவிலேயே நின்றுவிடாமல் எல்லாத் தெருக்களுக்கும் செல்லும்படி காப்பதேயாம். அக்காவல் சர்க்காரின் கடமை; ஊராரின் கடமையுமாகும்.

அவ்வழியின் கடைசிப் படி கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதில் அங்கத்தினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் கூடிவந்த இச்சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய தினங்களிலும் கூடும்படி ஏற்பாடாயிற்று. வரவு செலவுக் கணக்கும், செய்யவிருக்கும் வேலைகளின் திட்டமும் அங்கே வைக்கப்படவேண்டும். ஆள் வராத சபையில் தீர்மானப் புத்தகம் வீடு வீடாகச் சென்று கையெழுத்துப் பெறும்; அப்பொழுது அதிகாரம் புத்தகத்தைத் தூக்கிச் சென்றவனிடமே தங்கிவிடும்.

ஐக்கிய சங்கத்தினருக்கு இதில் தனிப்பட்ட பொறுப்பு உண்டு. வரவு செலவுக் கணக்கைப் படிக்கவும், தணிக்கைக் குறிப்பிற்குப் பதில் கேட்கவும், பெருந்தனக்காரருக்கும் ஒரே வாக்கு, ஏழைக்கும் ஒரே வாக்கு என்று அமர்ந்து பேசவும் அவர்கள் சங்கத்தில் பழகியவர்கள். அப்பழக்கத்தைக் கிராம சபைக்கும் கொண்டுசெல்லுதல் வேண்டும். வீட்டு வரி எவ்வளவு வசூலாயிற்று, மேலிருந்து வந்த தொகை எவ்வளவு, எந்தத் தெருவில் எவ்வளவு செலவாயிற்று என்னும் இம்மூன்றையும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவரேனும் எழுந்து கேட்பாராயின், நாலைந்து கூட்டங்களுக்குள் கணக்கெழுதும் முறையே மாறிவிடும். கேட்பவர் சேரியிலிருந்து வந்த பெண்ணாயிருந்தாலும், அவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் அமைதியுடன் செவிசாய்த்து, அவர் கேள்விக்கு விடை பெற்றுத் தருவார்களாயின், அதிகாரம் அக்கிராமத்தை வந்தடைந்துவிட்டது என்று கூறலாம்.