தூக்கத்திற்கு மதிப்பெண்

35 ஆண்டுக்காலம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டுப் பழகியவன் நான். எழுத்துள்ள தாள் எதுவாயினும் கையில் எடுத்தவுடன் சிவப்பு மையைத் தேடும் வழக்கம், ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியும் என்னை விட்டுப் போகவில்லை. அப்படிப்பட்ட எனக்கே ஒருவர் நாள்தோறும் மதிப்பெண் போடத் தொடங்கினார். அவர் மனிதர் அல்லர்; என் இடக்கை மணிக்கட்டில் கட்டிய ஒரு கடிகாரம். அவர் மதிப்பிட்டது என் படிப்பையும் அன்று, நடத்தையையும் அன்று, என் தூக்கத்தை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

பாபநாசத்தில், கோயில் படித்துறைக்கு ஒரு தெரு தள்ளி என் வீடு. பள்ளிக்கூட மணி ஓய்ந்த பிறகு எனக்குத் தூக்கம் குறைந்தது. இரவு ஒன்பதரை மணிக்குப் படுப்பேன். இரண்டு மணிக்கு விழிப்பேன். பிறகு முதல் பேருந்தின் ஓசை கேட்கும்வரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் இதை அறிந்து, கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி வந்தாள். "எவ்வளவு தூங்குகிறீர்கள் என்று தெரிந்தால்தானே அப்பா, அதைச் சரி செய்யலாம்?" என்றாள். நியாயமான வாதம். கூடவே, என் கைப்பேசியில் தியானம் பயிற்றுவிக்கும் செயலி ஒன்றையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒரு கருவியைக் குறை கூறுமுன் அது என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்ளுவது முறை. இக்கடிகாரத்தினுள் அசைவை உணரும் சிறு பொறி ஒன்று இருக்கிறது. அடிப்புறத்தில் பச்சை ஒளி மினுக்குகிறது. தோலின் கீழ்க் குருதி ஓட்டம் கூடிக் குறைவதற்கேற்பத் திரும்பி வரும் ஒளியின் அளவும் மாறும். அதைக் கொண்டு நாடித் துடிப்பைக் கணக்கிடுகிறது. கை அசையவில்லை, நாடியும் தணிந்திருக்கிறது என்றால், 'இவர் உறங்குகிறார்' என்று முடிவு கட்டிவிடுகிறது. அதாவது, அது தூக்கத்தை நேரே காண்பதில்லை. அடையாளங்களைக் கொண்டு ஊகிக்கிறது.

தூக்கத்தை நேரே ஆராயும் முறை வேறு. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளெய்ட்மன் என்னும் இருவர், உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் கண்கள் சில வேளைகளில் விரைந்து அசைவதையும், அவ்வேளைகளில் எழுப்பினால் பெரும்பாலும் கனவு கண்டதாக அவர்கள் கூறுவதையும் 1953-இல் வெளியிட்டனர். இன்று மருத்துவ ஆய்வுக்கூடங்களில் தலையிலும், கண்ணருகிலும், மோவாயிலும் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, இரவு முழுவதும் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிறார்கள். மணிக்கட்டில் இருக்கும் கடிகாரத்திற்கு மூளை எட்டாது. ஆகவே, அசையாமல் விழித்துக் கிடப்பவனையும் சிலபோது அது தூங்கியவனாக எழுதிவிடுகிறது. எப்போது படுத்தோம், எப்போது எழுந்தோம் என்பதை ஓரளவு ஒழுங்காகச் சொல்லும். ஆழ்ந்த உறக்கம் இத்தனை நிமிடம், கனவு உறக்கம் இத்தனை நிமிடம் என்று பிரித்துச் சொல்லும்போதுதான் எச்சரிக்கை வேண்டும். வராந்தாவில் நின்று சன்னல் வழியாக வகுப்பைப் பார்த்துவிட்டு, எந்தப் பையனுக்குப் பாடம் புரிந்தது என்று குறிப்பெழுதும் ஆய்வாளரைப் போன்றது அது.

இவ்வளவும் இன்று தெளிவாகச் சொல்லுகிறேன். அன்று எனக்கு இது தெரியாது. முதல் நாள் காலை நூற்றுக்கு 71 வந்தது. மறுநாள் 64. ஒரு நாள் நன்றாக உறங்கியதுபோல் உடம்பு லேசாக இருந்தது. ஆற்றில் குளித்துவிட்டு மகிழ்ச்சியோடு வந்து பார்த்தேன்: 58! அன்று முழுவதும் எனக்கு உடம்பு வலித்தது. என் மனைவியார், "குறட்டை விட்டுத் தூங்கினியளே, பிறகு என்ன முகவாட்டம்?" என்று கேட்டார். கண்ணால் கண்ட சாட்சியை நான் நம்பவில்லை, கடிகாரத்தை நம்பினேன். அன்றிரவு, நாளை எத்தனை மதிப்பெண் வருமோ என்று அஞ்சியே விழித்திருந்தேன். பரீட்சைக்கு முதல் நாள் பிள்ளைகள் படும் பாடு எனக்கு அறுபது வயதுக்கு மேல் புரிந்தது.

இந்த நோய் எனக்கு மட்டும் வந்ததன்று. கருவி காட்டும் எண்ணைத் திருத்தியே தீரவேண்டும் என்ற கவலையினால் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்ட மூவரைப் பற்றி 2017-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எழுதி, அக்கவலைக்கு ஒரு பெயரும் இட்டார்கள். அம்மூவரில் ஒருவர், ஆய்வுக்கூடத்தில் தாம் ஆழ்ந்து உறங்கியதாகச் சான்று கிடைத்த பிறகும், கருவி மாறாகச் சொல்லுகிறதே என்று வாதாடினாராம். 2014-இல் வெளியான மற்றொரு சோதனையில், மாணவர்களுக்கு மெய்யான அளவைச் சொல்லாமல், சிலரிடம் 'நீங்கள் நேற்று நன்றாக உறங்கினீர்கள்' என்றும், சிலரிடம் 'சரியாக உறங்கவில்லை' என்றும் கூறினார்கள். பின்பு நடத்திய அறிவுத்திறத் தேர்வுகளில், நல்ல சொல் கேட்டவர்களே மேலாகச் செய்தார்கள். ஒருவனை மட்டம் என்று நாள்தோறும் சொன்னால் அவன் மட்டமாகவே ஆவான் என்பது ஆசிரியர்களாகிய நமக்குப் பழைய செய்திதானே!

நிற்க. தியானச் செயலிக்கு வருவோம். அதைத் திறந்தால் இனிய குரல் ஒன்று, "கண்களை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள்" என்று சொல்லும். பின்னணியில் ஓர் ஆறு சலசலக்கும். எந்த நாட்டு ஆறோ, நான் அறியேன். பொதிகையில் பிறந்த தாமிரவருணி ஒரு தெருவுக்கு அப்பால் ஓடிக்கொண்டிருக்க, நான் சன்னலைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் ஆற்றொலி கேட்டேன். அகத்தியர் தவம் செய்த மலை என்று பெரியோர் போற்றும் மலையடிவாரத்தில் பிறந்தவனுக்கு இப்படி ஒரு விதி!

ஆயினும் பயிற்சி வீண் என்று சொல்லமாட்டேன். தூக்கக் குறை உள்ள முதியவர்கள் 49 பேரைக் கொண்டு கலிபோர்னியாவில் நடத்திய ஓர் ஆராய்ச்சி 2015-இல் வெளியாயிற்று. அவர்களுடைய சராசரி வயது 66. ஆறு வாரம் மனத்தைக் கவனிக்கும் தியானம் பயின்றவர்கள், தூக்கத்திற்கான நல்ல பழக்கங்களை மட்டும் பாடமாகக் கேட்டவர்களைவிட நன்கு உறங்கினார்கள். அவர்களுக்குக் கற்பித்தவர் ஓர் ஆசிரியர், செயலி அன்று என்பதையும் மறக்கலாகாது. தியானம் தூக்க மாத்திரை அன்று. 'தூங்கவேண்டும், தூங்கவேண்டும்' என்று மனம் செய்யும் ஆரவாரத்தை அது தணிக்கிறது, அவ்வளவே.

"எண்ணங்கள் வந்தால் வரட்டும், போனால் போகட்டும்" என்றது அந்தக் குரல். எனக்கு ஓர் எண்ணம் வந்தது, அது போகவில்லை. ஒரு பையனின் முகம் அது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. எட்டாம் வகுப்பு, மதிய உணவுக்குப் பிறகு தமிழ்ப் பாடம். மடியின்மை அதிகாரம் நடத்திக்கொண்டிருந்தேன். கெடுவார் விரும்பி ஏறும் மரக்கலங்கள் என வள்ளுவர் சொன்ன நான்கனுள் துயிலும் ஒன்று என்று விளக்கிய அதே வேளையில், மூன்றாம் பெஞ்சில் ஒருவன் உறங்கிக்கொண்டிருந்தான். அவனைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தினேன். "இதோ, ஒரு மரக்கலம்!" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

சில வாரம் கழித்து, அவன் பள்ளிக்கு வராததால் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. தாயும் இரு தமக்கையரும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் கணக்கு ஒப்படைக்கவேண்டும் என்பதால் நள்ளிரவு வரை விளக்கு எரியும் என்றார்கள். சுற்றிய பீடிகளின் வாயை மடக்கிக் கொடுப்பது அவன் வேலை. தந்தை ஆலையில் இரவு முறை முடிந்து வரும்போது கதவு திறக்கும், எல்லாரும் எழுவார்கள். அவன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு அந்த விளக்கின் கீழே உறங்குவான். நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பினேன். அவனிடம், 'தம்பி, தெரியாமல் செய்துவிட்டேன்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்த ஆண்டு முடிவில் அவன் படிப்பை நிறுத்திவிட்டான். நான் பெஞ்சின்மேல் ஏற்றியதுதான் காரணம் என்று சொல்ல இயலாது. அன்று என்று சொல்லவும் எனக்குத் துணிவு இல்லை.

இதை மகளிடம் சொன்னேன். சென்னையிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சியை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். பெத்ரோ பெசோனே, கௌதம் ராவ், பிராங்க் ஷில்பாக் முதலிய ஐந்து பொருளியல் அறிஞர்கள் செய்து, 2021-இல் வெளியிட்டது. குறைந்த வருவாயுள்ள 452 பேருக்கு, கையசைவைக் கொண்டு தூக்கத்தை அளக்கும் கருவியை மணிக்கட்டில் கட்டினார்கள். அவர்கள் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தார்கள்; உறங்கியதோ ஐந்தரை மணி நேரந்தான். வெப்பம், கொசு, இரைச்சல், நெரிசல், இவற்றால் உறக்கம் துண்டு துண்டாக அறுந்தது. தலையணை, மின்விசிறி முதலியன கொடுத்து ஊக்கியபோது இரவு உறக்கம் 27 நிமிடம் கூடிற்று. ஆனால், அதனால் வேலைத்திறமோ மனநலமோ குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. கிழிந்த துணியை நீளமாக்கியதுபோல் ஆயிற்று. மாறாக, வேலையிடத்தில் அமைதியான ஓரிடத்தில் பிற்பகல் அரைமணி நேரம் கண்ணயர இடம் கொடுத்தபோது, வேலைத்திறமும் மனநலமும் மேம்பட்டன.

அன்பர்களே, பிற்பகலில், பெஞ்சில், என் பையன் தானாகவே கண்டுபிடித்த மருந்து அதுவன்றோ! அதற்குத்தான் நான் தண்டனை கொடுத்தேன்.

ஒரே வகைக் கருவிதான் என் கையிலும் இருந்தது, அந்த 452 பேர் கையிலும் இருந்தது. என்னிடம் அது நீதிபதியாக உட்கார்ந்தது. அவர்களிடம் சாட்சியாக நின்றது. 'இவர்கள் சோம்பேறிகள் அல்லர். உறங்க இடம் இல்லாதவர்கள்' என்று சாட்சி சொல்லிற்று. கருவியை அப்படிப் பயன்படுத்துவதுதான் அறிவுடைமை.

இனி, என்னைப் போன்றவர்களுக்குச் சில சொற்கள். நாட்பட்ட தூக்கமின்மைக்கு மருந்துக்கு முன்னர்ப் பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் பயிற்சியையே முதலில் தரவேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் நெறி வகுத்தது. அதன் சாரம் எளியது. எந்நேரம் உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழவேண்டும். தூக்கம் வந்தபின்பே படுக்கவேண்டும். வராவிட்டால் படுக்கையோடு போராடாமல் எழுந்து, வேறிடத்தில் அமைதியாக அமர்ந்து, கண் சொருகும்போது திரும்பவேண்டும். இரவில் உறக்கம் பிடிக்காத முதியவர்கள் பகலில் நெடுநேரம் உறங்கலாகாது. பிற்பகற் சிறு துயில், இரவில் உறங்க வழியில்லாத உழைப்பாளிக்கு உரியது. குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வருமானால், கடிகாரத்தைக் கேட்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

நான் இப்போது இரவில் கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன். காலை நடைக்கு மட்டும் கட்டிக்கொள்ளுகிறேன்; அடிகளை அது நன்றாக எண்ணுகிறது. இன்றும் சில நாள் இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. எழுந்து திண்ணையில் அமர்ந்து, சன்னல் தடுக்காத ஆற்றொலியைக் கேட்கிறேன். அந்தப் பையன் நினைவுக்கு வந்தால் விரட்டுவதில்லை. சற்று நேரத்தில் உறக்கம் வருகிறது. எத்தனை நிமிடம் என்று நான் எண்ணவில்லை.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வகுப்பில் ஒரு பிள்ளை உறங்கினால், அதட்டி எழுப்புமுன், 'நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்? எங்கே படுத்தாய்?' என்று அருகில் சென்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.